சுபத்திரையின் அழுகை

"யாரு செத்துட்டா?" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டார் நாராயணசாமி.

வாசலில் மாலையோடு நின்ற முதலியார்பேட்டைத் தெருக்காரர்கள் அதை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். அந்த மாலையே அவருக்காக வாங்கியதுதான்.

உள்ளறையில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மகன் சக்கரபாணி, தலையைக் குனிந்தபடி வெளியே வந்தான். பிழைப்பு பெரிய மார்க்கெட் வெங்காய மண்டியில், உயிரோ தெருக்கூத்தில். பல வருஷம் கூத்து ஜமாவில் திரை பிடித்து, பின்பாட்டுப் பாடி, இப்போதுதான் ஒரு வேஷம் கிடைத்திருந்தது. மகன் அபிமன்யுவைப் போர்க்களத்தில் பறிகொடுத்த சுபத்திரை. அதற்கான ஒத்திகைதான் அந்த ஒப்பாரி.

"அழுகையில ஈரமே இல்லியேடா. வெள்ளிக்குள்ள வரலன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று ஜமாவை நடத்தும் வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார். இது போனால் திரை பிடித்தே கிழவனாக வேண்டியதுதான்.

"நாலு வெங்காயத்த உரிச்சா ஆவாதா?" என்றாள் மனைவி துர்கா.

பாவி மனுஷனுக்கு வெங்காயத்தோடே புழங்கிக் கண் எப்போதோ மரத்துப்போயிருந்தது.

மறுநாள் விடியற்காலை வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய், பாறைமேல் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதான். வலைக்காரர்கள் ஓடிவந்து இடுப்போடு கட்டிப் பிடித்தார்கள்.

"குடும்பம்னா ஆயிரம் இருக்கும்ணே. கடல்ல வுழுந்தா தீந்துடுமா?"

ஆட்டோவில் ஏற்றி வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டார்கள். அன்று முதல் தெருவே துர்காவை ஒரு மாதிரிப் பார்த்தது.

"நல்ல பேரு வாங்கிக் குடுத்தீங்க. அழுவுறதா இருந்தா சுடுகாட்டுல போய் அழுவுங்க" என்றாள் அவள்.

அதுவும் சரிதானே? அங்கே அழுதால் ஏன் என்று எவன் கேட்பான்? வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்துக்குப் போய்விட்டான்.

அங்கே ஒருவன் முந்திக்கொண்டிருந்தான். புதுக் குழிமேட்டில் முகம் புதைத்து, "நான் பெத்த ராசாவே, உன்ன அனுப்பிவச்சது நானாச்சே" என்று புரண்டு கொண்டிருந்தான்.

சக்கரபாணியின் மரத்த கண்ணில் தண்ணீர் முட்டியது. பெற்ற வயிறு எரிகிற இடத்தில் ஒத்திகை பார்க்க வந்தோமே என்று உடம்பெல்லாம் கூசியது. சற்றுத் தள்ளிப் போய் வாத்தியாரைப் போனில் கூப்பிட்டான்.

"எனக்கு அந்த வேஷம் வேணாம் வாத்தியாரே. நெசமா அழுவுறவனப் பாத்துட்டேன். அது எனக்கு இந்த ஜென்மத்துல வராது."

"உன் இஷ்டம்" என்று வாத்தியார் வைத்துவிட்டார்.

இத்தனை வருஷத்து ஆசை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. ஆனாலும் தன் துக்கம் எம்மாத்திரம்? சக்கரபாணி திரும்பி வந்து, அழுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தான்.

அப்போது அந்த ஆளின் சட்டைப் பையில் போன் அடித்தது. அழுகை நின்றது. எழுந்து உட்கார்ந்து, கன்னத்து மண்ணைத் தட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தான்.

"சொல்லுங்க வாத்தியாரே. சுபத்திரையா? அதத்தான தெனம் விடியகாலைல சுடுகாட்டுக்கு வந்து பழகிக்கினு இருக்கேன்."