ஐந்து மில்லிமீட்டர் கத்தரிக்காய்

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்த ஒரே காரணத்தால் முப்பத்து நான்கு வருடங்களாகத் தங்கள் உறவினர் பட்டியலில் இருந்துவருகிற நான் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சுகம், வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்டிருக்கிற தங்கள் தங்கையின் வலது மணிக்கட்டு நீங்கலாக. அதுவும் தேறி வருகிறது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கள் முழங்கால் வலியும் தங்கள் வீட்டு அம்மாளின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஓர் உதவி வேண்டி எழுதுகிறேன். விஷயம் உங்கள் மருமான், அதாவது என் மகனைப் பற்றியது. அவன் பேருந்து நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை திறந்த அன்று நான் செய்த காரியம் உங்களுக்குத் தெரியும், பக்கத்து நாற்காலியில்தான் இருந்தீர்கள். இத்தாலிக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கிற பண்டமாம், கத்தரிக்காயை எண்ணெயில் வாட்டி, உள்ளே சீஸ் வைத்துச் சுருட்டி, மேலே தக்காளிச் சாறு ஊற்றி, முதல் தட்டை எனக்குத்தான் கொண்டுவந்து வைத்தான். நான் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தின்றுவிட்டு, "தடிமன் ஒண்ணு போல இல்ல. உப்பு ஒரு கல் கூட" என்றேன், கடை நிறைய ஆள் இருக்கும்போது. பம்பு கம்பெனியில் முப்பது வருடம் தர ஆய்வாளராக இருந்தவன் வாய், மச்சான். எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் வரும். அவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவைப் பார்க்க வருகிறான், ஆனால் நான் நடக்கப் போகிற ஐந்து மணிக்கு வந்து, ஆறு மணிக்குள் போய்விடுகிறான். நானும் ஒன்றும் தெரியாதவன் போலத் தினமும் ஐந்து மணிக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். மழை பெய்தாலும் கிளம்பிவிடுகிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் அதே பண்டத்தை நானே செய்து அவன் முன்னால் வைத்துவிடுவது, மீதியை அவன் புரிந்துகொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். இன்று காலை ஒத்திகை. கைபேசியில் ஒரு அம்மாள் செய்து காட்டினாள், உங்கள் தங்கை நல்ல கையால் கைபேசியைப் பிடித்துக்கொண்டாள். நீளவாக்கில் சுமார் அரை சென்டிமீட்டர் தடிமனில் அரியச் சொன்னாள் அந்த அம்மாள். சுமார் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. நான் பரணிலிருந்து என் வெர்னியர் அளவியை இறக்கித் துடைத்து, ஐந்து மில்லிமீட்டர், கூடக்குறைய கால் மில்லிமீட்டர் போகலாம் என்று வரம்பு வைத்து, நான்கு காயையும் அரிந்து, முப்பத்தொரு கீற்றையும் ஒவ்வொன்றாக அளந்தேன். தேறியது ஒன்பது. மீதி இருபத்திரண்டையும் வேறு தட்டில் போட்டு 'ரிஜெக்ட்' என்று சீட்டு ஒட்டினேன். "இதை என்ன பம்புக்குள்ள மாட்டப் போறீங்களா?" என்றாள் உங்கள் தங்கை. இரண்டு தட்டுக்கும் தாராளமாக உப்பைத் தடவி அரை மணி நேரம் வைத்தேன், கசப்பு நீர் இறங்குமாம், அந்த நேரம் பார்த்து உங்கள் வீட்டு அம்மாள் அழைத்தார், இருவரும் மணிக்கட்டைப் பற்றிப் பேசி முடித்து உங்கள் தங்கை விரலை எங்கேயோ வைக்க, படம் முன்னால் ஓடி, அந்த அம்மாள் எண்ணெயில் வாட்டிக்கொண்டிருந்தாள், சரி என்று நானும் வாட்ட ஆரம்பித்தேன். எண்ணெய் ஊற்ற ஊற்றக் குடிக்கிறது மச்சான், எங்கள் கம்பெனி மோட்டார் ஒன்றுகூட இப்படிக் கேட்டதில்லை. சுருட்டப் போனால், தேறிய ஒன்பதில் ஏழு கையிலேயே கிழிந்தது, இரண்டு விறைத்துக்கொண்டு அவிழ்ந்தது. அந்த இரண்டையும் தையல் பெட்டியிலிருந்த நீல நூலால் கட்டி வைத்தேன். அதற்குள் உங்கள் தங்கை சத்தமில்லாமல் ரிஜெக்ட் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, மெலிந்ததை இரண்டிரண்டாக அடுக்கி, தடித்ததை இன்னும் கொஞ்சம் வாட்டச் சொல்லி, இடது கையாலேயே வரிசையாகச் சுருட்டி முடித்துவிட்டாள். ஒன்றுகூட அவிழவில்லை. ஒன்றை வாயில் போட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். இரும்பில் ஐந்து மில்லி என்றால் எங்கே வெட்டினாலும் அதே இரும்புதான். கத்தரிக்காய் அப்படியா இருக்கிறது? ஒரு பக்கம் விதை, ஒரு பக்கம் தண்ணீர், ஒன்று முற்றல், ஒன்று பிஞ்சு. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத்தான் கத்தியை வைக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அவன் தட்டில் தடிமன் ஒன்று போல் இல்லாதது தெரியாமல் நடந்தது இல்லை, தெரிந்து செய்தது. வேலை தெரிந்தவன் செய்ததை வேலை தெரியாத நான் நாலு பேர் முன்னால் கழித்துப் போட்டேன். சின்ன வயதில் அவன் படம் வரைந்து கொண்டுவந்து நீட்டினாலும் கோடு கோணல் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னதாகக்கூட ஞாபகம் வரவில்லை, மச்சான். காலையிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் எதையாவது சொல்லி அவனை மதியமே இங்கே கூட்டிவர வேண்டும். மாமா கூப்பிட்டால் தட்டமாட்டான். நானே செய்ததாகக் காட்ட இப்போது தைரியம் இல்லை, பண்டத்தை மாடி வீட்டு டீச்சரம்மா செய்து கொடுத்ததாகச் சொல்லிவிடலாம், அவரிடம் பேசியாகிவிட்டது. நான் செய்தேன் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். அவன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்துவிட்டால் என்னால் தாங்க முடியாது.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும், தங்கள் முழங்காலுக்கு என் அனுதாபமும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: எழுதுகிற மும்முரத்தில் மணி பார்க்கவில்லை. நடக்கப் போகவில்லை. ஐந்து மணிக்கு அவன் வந்துவிட்டான். மேஜையில் இந்தக் கடிதம், வெர்னியர், ரிஜெக்ட் சீட்டு ஒட்டிய தட்டு. வாசலிலேயே நின்று தட்டைப் பார்த்தவன், யார் செய்தது என்று அம்மாவைக் கேட்டான். டீச்சரம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். "நான்தான்டா" என்று வந்துவிட்டது. "சரியா வரல. நீ செஞ்சது நல்லா இருந்துச்சு. அன்னைக்கே நல்லா இருந்துச்சு."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தின்றான்.

"தடிமன் ஒண்ணு போல இல்ல. உப்பு ஒரு கல் கூட."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் இன்னொன்றை எடுத்தான். தட்டு காலியாகிறவரை எடுத்துக்கொண்டே இருந்தான். உப்பு தடவி வைத்ததைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வாட்ட வேண்டுமாம், எனக்கு யார் சொன்னார்கள்? கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஞாயித்துக்கிழமை கடையில கூட்டம் ஜாஸ்தி. அரிஞ்சு குடுக்க ஆள் இல்ல. வாங்கப்பா. அந்த அளவிய மட்டும் வீட்டுலயே வச்சிட்டு வாங்க" என்றான்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாமல், தாங்கள் ஞாயிற்றுக்கிழமை இங்கே வர வேண்டாம். எனக்கு வேலை இருக்கிறது.