கோட்டைக் கதவைத் திறந்த ஏழு குடும்பங்கள்

இத்தாலியில் கஸ்தெலார்சோ என்ற கோட்டைக் கிராமத்து ஓட்டலில் பேய் பேசுகிறதாம்! சாதாரணப் பேயா? சீமாட்டி அதெலாசியா! எழுநூறு வருடங்களுக்கு முன் அந்த ஓட்டல் அவள் அரண்மனையாக இருந்தபோது, எதிரி நகரமான சியெனாவின் படை கிராமத்தை முற்றுகையிட்டது. சீமாட்டி பட்டினியால் செத்தாள். பிறகு உள்ளூர்க்காரன் ஒருவன் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். யார் அந்தத் துரோகி? யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும் என்று வந்தார் எவரிஸ்தோ. கறுப்புச் சால்வை, சொருகிய கண்கள், திடீரென்று பெண் குரல். அவருக்குள் இறங்கிய சீமாட்டி துரோகியின் குடும்பத்தைச் சொல்வாள். காணிக்கை வைத்தால் பழி அடுத்த வீட்டுக்கு நகரும். இப்படி ஒரே கதவை ஒரே வாரத்தில் ஏழு குடும்பங்கள் திறந்தன. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பயந்தவனுக்குக் கணக்கு வராது.

எட்டாவதாகப் பழி கொத்தனார் துல்லியோவின் வாசலில் வந்து நின்றது. அவன் காணிக்கை தர மறுத்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் ஸெலிண்டாவின் மகள் ஜிசெல்தாவுக்கும் கல்யாணம். ஸெலிண்டா ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு, துரோகி வீட்டில் பெண் கொடுக்க மாட்டேன் என்றாள். ஜிசெல்தா சண்டை போடவில்லை. சீமாட்டியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு முடிவு செய்வோம் என்று அம்மாவை ஓட்டல் கூடத்துக்கு அழைத்துப் போனாள். கூட்டம் நெரிந்தது. எவரிஸ்தோ கண்களைச் சொருகினார்.

"பட்டினியோட போனீங்களாமே, சீமாட்டி," என்றாள் ஜிசெல்தா. "மனசு கேக்கல. சின்ன வயசுல உங்களுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க, ஆக்கிட்டு வரேன்."

எவரிஸ்தோ அன்று மதியம் சாப்பிட்டிருக்கவில்லை. சீமாட்டி சப்புக்கொட்டினாள்.

"தக்காளியக் கொதிக்கவெச்சு, பழைய ரொட்டிய அதுல ஊறப்போட்டு, மேல ஆலிவ் எண்ணெய ஊத்தி... எங்கம்மா தினமும் குடுப்பாங்கடி கண்ணு."

கூட்டம் உருகியது. ஸெலிண்டா மட்டும் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"தக்காளி அமெரிக்காவுலேருந்துல்ல வந்துச்சு?" என்றாள் மெதுவாக. "அதுக்கு வழி கண்டுபிடிச்சது கொலம்பஸு. சீமாட்டி செத்தப்போ அந்த ஆளோட தாத்தாவே பொறக்கலையே."

எவரிஸ்தோ ஒரு கண்ணைத் திறந்தார்.

"அது... மேலோகத்துல சாப்பிட்டது," என்றாள் சீமாட்டி, ஆண் குரலில்.

கூடமே சிரித்துக் குலுங்கியது. ஏழு குடும்பங்களும் காணிக்கையைத் திருப்பிக் கேட்டு அவரைச் சூழ்ந்தன. ஓங்கிய கைகளை விலக்கிவிட்டு, ஜிசெல்தா அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். முதலில் மனிதர் சாப்பிடட்டும், பிறகு போலீஸைக் கூப்பிடலாம் என்றாள். ஸெலிண்டா அதற்குள் துல்லியோ வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க.

கடவுள் உங்களிடம் ஏதாவது சொல்ல நினைத்தால், அன்பர்களே, பேயிடம் சொல்லியனுப்ப மாட்டார். தாமே கொடுத்த மூளையிடம் நேராகச் சொல்வார். நீங்களோ காணிக்கைத் தட்டில் முதலில் அதைத்தான் கழற்றி வைக்கிறீர்கள்.