இருபத்தொன்றாவது அட்டை

கணக்கு வாத்தியார் தவறலாம், சத்தமாகத் தவறக்கூடாது. நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கணிதத்துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற நான், சேலத்தில் ஒரு கடையின் மாடியில், கூடம் முழுதும் கேட்கும்படி ஓர் எண்ணைத் தவறாகச் சொன்னேன். உறவினர் வட்டாரத்தில் இச்செய்தி திரிந்த வடிவில் உலவுவதால், சரியான வடிவை நானே எழுதிவிடுகிறேன்.

என் மருமகள் கவிதா அட்டை விளையாட்டுப் போட்டிகளில் ஆடுபவள். (இது சீட்டாட்டம் அன்று. நடைப்பயிற்சி நண்பர்கள் கவனிக்க.) நாற்பது அட்டைகளைத் தேர்ந்து நம் கட்டை நாமே அமைத்து, எதிராளியின் இருபது புள்ளிகளையும் தீர்க்க வேண்டும். கவிதாவின் கட்டு முதல் அட்டையிலிருந்தே கிடாய் மாதிரி முட்டும். அதில் கணிதம் இல்லை என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

நான் அமைத்தது காம்போ கட்டு. தனித்தனியே எதற்கும் உதவாத மூன்று அட்டைகள். ஒன்று கூடினால் ஒரு சுழற்சி பிறக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் என் கட்டிலிருந்து நான் ஓர் அட்டை எடுக்க வேண்டும். எதிராளியிடம் ஒரு புள்ளி குறையும். சுழற்சி தொடங்கும்போது கட்டில் சரியாக இருபது அட்டைகள் எஞ்சும்படி மற்றவற்றை அடுக்கியிருந்தேன். இருபது அட்டை, இருபது புள்ளி, மீதி பூஜ்யம். ஏழு பக்கங்களில் நிறுவியபின் வீட்டில் அறிவித்தேன்: தோற்றால் இனி இவ்வீட்டில் எவர் கணக்கையும் திருத்தமாட்டேன். மகன் அதை நாள்காட்டியில் குறித்துக்கொண்டான்.

அந்தக் கடை மாடியில் நடந்த போட்டியின் இறுதி ஆட்டத்தில் எதிரே அமர்ந்தவள் கவிதாவேதான். முட்டி முட்டி என்னை இரண்டு புள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அப்போது மூன்று அட்டைகளும் கூடின. நான் எழுந்து நின்றேன். (விதிப்படி அவசியமில்லை.)

சுற்றுகளின் எண்ணிக்கையை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அத்தனை அட்டைகளையும் எடுத்து முடித்த பிறகே புள்ளிகள் கழியும். எடுக்க அட்டை இல்லாதவர் தோற்றவர்.

"எத்தனை சுத்துங்க மாமா?"

எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியத்தையும் பூஜ்யத்தில் நிறுத்துவதில்லை. மொய்யானாலும் சீர்த்தட்டானாலும் ஒன்று கூட்டியே வைப்போம். வெற்றியும் நல்ல காரியம்தானே. நாக்கு ஏழு பக்கத்தையும் கேளாமல் முடிவெடுத்தது.

"இருபத்தொன்று."

கவிதா என் கட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மாமா, இன்னொருக்கா எண்ணிட்டுச் சொல்லுங்க."

அவள் காட்டியது தப்பிக்கும் வழி. நான் அதைச் சூழ்ச்சி என்று கொண்டேன்.

"கணக்குல எனக்கு ரெண்டாந்தடவை கிடையாதும்மா. நடுவரை எழுதிக்கச் சொல்லு."

நடுவர் எழுதிக்கொண்டார். இருபது அட்டைகளையும் நிதானமாக, ஒவ்வொன்றாக எடுத்தேன். இருபத்தொன்றாவதற்கு நீண்ட கைக்கு மேசைவிரிப்புதான் கிடைத்தது. (அதை நான் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்ததாகச் சொல்வது மிகை.)

"விசேஷத்துக்கு ஒண்ணு சேத்தி வெச்சுட்டீங்களாட்டம் இருக்குதுங்க மாமா" என்றாள் கவிதா, சிரிக்காமல்.

அந்தக் கட்டில் பிழை இல்லை என்பதை இன்றும் எவர் முன்னும் நிறுவத் தயார். ஆனால் கொடுத்த வாக்கு வாக்குதான். அதனால் சம்பந்தி வீட்டார் வரும் ஞாயிறுகளில், மகன் தட்டுகளைப் பரப்பிவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்பான்: "பதினெட்டு இட்லி, ஆறு பேரு. ஆளுக்கு நாலுங்களாப்பா?"

அத்தனை பேரும் என் முகத்தையே பார்ப்பார்கள்.

நான் சட்னி கேட்பேன்.