ஊறுகாய் தொட்டும் திரும்பாத உடம்பு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், தீபாவளிக் கூட்டத்திலும் மூன்று பேர் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்த மனிதர் இந்த மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர்மேல் அடிக்கும் பார்மலின் நெடிக்குக் கண்டக்டரே தள்ளி நின்று கையை நீட்டித்தான் டிக்கெட் கொடுப்பார். பிணம் கெடாமல் ஊறப்போடும் மருந்து அது. அவருக்கு ‘ஊறுகாய்’ என்று பெயர் வைத்தது பிசியோதெரபி படிக்க வந்த பிள்ளைகள். நிஜப் பெயரை நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் கல்லூரி. எட்டாவதோடு படிப்பை விட்டு லாரி, செங்கல் சூளை, ஓட்டல் என்று சுற்றிய நான் அங்கே கூட்டிப் பெருக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். ஊறுகாய், உடலை அறுத்துப் பாடம் நடத்தும் கூடத்தின் உதவியாளர்.

மேசையில் கிடப்பவரை யாராவது பிணம் என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார். புரட்டும்போது, “பெரியவரே, பசங்க முதுகு பாக்கணுமாம். கொஞ்சம் திரும்பிக்கங்க” என்பார். மயங்கி விழுந்த ஒரு பையனைத் தூக்கி நிறுத்தி, “அவரே சும்மா படுத்துக்கினு இருக்காரு, நீ இன்னாத்துக்கு விழற?” என்று கேட்டார். கையுறை போட மாட்டார். பாடம் எடுக்கும் டாக்டர் நரம்பைத் தேடித் திணறினால், எங்கேயோ பார்த்துக்கொண்டே விரலை விட்டு எடுத்துக் கொடுப்பார்.

பிறகு கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் திரை வந்தது. அதற்குள் படமாக ஒரு உடம்பு. தடவினால் திரும்பும், தோல் போகும், தசை வரும். நாற்றமே இல்லை. கூடத்தை மூடப்போவதாகச் சொன்னார்கள்.

“புதன்கிழமை ஓனர் வர்றாரு. அவர் முன்னாடி இத ஆப்பரேட் பண்ணிக் காட்டு. தெரிஞ்சா வேலை, இல்லன்னா கெளம்பிக்க,” என்றார் பிரின்சிபால் ஊறுகாயிடம். “அதுவரைக்கும் தொடாத, நாத்தம் ஒட்டிக்கும். பாத்து கத்துக்க.”

ஊறுகாய்க்கு ஐம்பத்தைந்து வயது. அந்த நெடியோடு வேறெங்கே போய் வேலை கேட்பது? தள்ளி நின்று பார்த்துப் பார்த்துக் கற்றார். ஒரு மாணவி தப்பாக வெட்டிய தசை, பொத்தானை அழுத்தியதும் ஒட்டிக்கொண்டது. “அறுத்தது திரும்பி ஒட்டிக்கிதா? அப்ப கைக்கு பயம் எப்டிம்மா வரும்?” என்று கேட்டார். அவள் சிரித்தாள்.

புதன்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். “பெரியவரே, கொஞ்சம் திரும்பிக்கங்க” என்று திரையைத் தடவினார். திரும்பவில்லை. ஓனர் சிரித்தார். விரலைச் சட்டையில் துடைத்து மறுபடி தடவினார், அழுத்தினார். இருபது வருடம் பார்மலினில் ஊறிய விரல், செருப்புத் தோல் மாதிரி இறுகிக் கிடந்தது. அப்படி ஒன்று தன்மேல் இருப்பதே கண்ணாடிக்குத் தெரியவில்லை.

மிஷினில் கோளாறோ என்று பார்க்க, துடைப்பத்தோடு நின்ற என்னைப் பிரின்சிபால் கூப்பிட்டார். தொட்டேன். உடம்பு சட்டென்று புரண்டது.

“இவனே போதும்,” என்றார் ஓனர். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஊறுகாய் என்னைத் திட்டவில்லை. “வெரல பத்தரமா வச்சிக்க தம்பி, சோறு போடுது” என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் ஊரான கோலியனூருக்குப் போய்விட்டார்.

எட்டு நாள் திரையைப் புரட்டினேன். ஒன்பதாம் நாள் அந்த மாணவி கேட்டாள்: “அண்ணா, இதுல நரம்பு மஞ்சள், ரத்தக்குழாய் சிவப்பு. பேஷன்ட் கையில கலர் இருக்காதே. தொட்டா எப்படித் தெரியும்?”

டாக்டரிடம் ஏற்கெனவே கேட்டாளாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னாராம்.

“இரும்மா, கேட்டுக்கினு வர்றேன்” என்று என் துணிமணிப் பையை எடுத்துக்கொண்டு கோலியனூர் போனேன்.

ஊறுகாய் வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் என் முழங்கையைப் பிடித்து இரண்டு இடத்தில் அழுத்தினார். “துடிக்குது பாரு, இது ரத்தக்குழாய். சுர்ருனு சுண்டுவெரல் வரைக்கும் ஓடுதே, இது நரம்பு.”

அந்தப் பெண்ணுக்குப் போனில் சொன்னேன். ஊறுகாயின் இடத்தில் வேலை செய்ய இனி வரமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பேசி முடித்த பிறகும் ஊறுகாய் என் முழங்கைப் பிடியை விடவில்லை. நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.