அமெரிக்காவில் தொற்றிய பழக்கம்

கற்பூரம் அணைந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் சத்தியத்தை முறித்தால் என்ன என்று பத்மநாதனுக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது.

சத்தியம் இதுதான்: வருகிற அமெரிக்கத் தேர்தலில் அவர் வாக்குப் போடமாட்டார், அவருடைய மைத்துனன் சற்குணமும் போடமாட்டான். மனோர் பார்க் வீட்டுச் சாமி அறையில், பிள்ளையாருக்கு முன்னால், எரிகிற கற்பூரத்தில் கை அடித்து இருவரும் சொன்னார்கள். கற்பூரத்தைக் கொளுத்தியவள் பத்மநாதனின் மனைவி சிவனேஸ்வரி.

லண்டனில் இருக்கிற யாழ்ப்பாணத்து மனிதருக்கு அமெரிக்கத் தேர்தலில் என்ன வேலை என்று கேட்கலாம். பத்மநாதன் இளவயதில் அமெரிக்காவில் மருந்துக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்தவர். அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்த சற்குணம்தான் தன் அக்காவை அவருக்குப் பேசிக் கொடுத்தான். அக்கா லண்டனில் இருந்தபடியால் மாப்பிள்ளையும் லண்டனுக்கு வந்துவிட்டார். சில வருடம் கழித்துச் சற்குணமும் வந்து ஈஸ்ட் ஹாமில் குடியேறினான். எங்கே போய் இருந்தாலும் அமெரிக்கக் குடிமகன் கடைசியாக வாழ்ந்த மாநிலத்தில் வாக்குப் போடலாம். பத்மநாதன் ஒரு தேர்தல் விடாமல், இங்கிருந்தபடியே, ஜனநாயகக் கட்சிக்குப் போட்டுவந்தார்.

சற்குணம் மற்றக் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட வருவான். மனைவி தயாபரிக்கு ஞாயிறுகளில் ஆசுபத்திரியில் ஷிப்ட். சோறு வருமுன்பே வாக்குவாதம் வந்துவிடும். பத்மநாதனுக்குப் பிரஷர் ஏறும். பயப்படக்கூடிய அளவுக்கு ஏறுகிறது என்று டொக்டரும் சொல்லிவிட்டார்.

"நீங்கள் ஒண்டு போட, அவன் ஒண்டு போட, சரிக்குச் சரியாப் போகுது," என்றாள் சிவனேஸ்வரி. "பிறகு என்னத்துக்கு என்ர மேசையில கத்துறியள்? ரெண்டு பேரும் போடாமல் விடுங்கோ. கணக்கு ஒண்டுதான்."

சற்குணம் மறுபேச்சில்லாமல் கை அடித்தான். பத்மநாதனும் அடித்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அன்றைக்கு அவருடைய கட்சியில்தான் அதிகக் கோபம். அவர் விரும்பிய வேட்பாளர் ஒரு பெண்மணி, நறுக்கென்று பேசுகிறவர். கட்சிக்காரர் எல்லாருமாகச் சேர்ந்து அவரை விலக வைத்துவிட்டு, 'இது அவருடைய முறை' என்று ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த மனிதரிடம் மழை பெய்கிறதா என்று கேட்டால், இரு தரப்பையும் கேட்டறிந்து சொல்கிறேன் என்பார்.

கோபம் நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் தொலைக்காட்சியில் மற்றக் கட்சி வேட்பாளரின் பேச்சை முழுதாகக் கேட்டார். அவர் வாக்குப் போடும் மாநிலத்தில் இரண்டு பேரும் சமநிலை என்றும் ஒரு சில வாக்குகளில் முடிவு மாறலாம் என்றும் செய்தி வாசித்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். பத்மநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஒரு சில வாக்குகளில் ஒன்று தன்னுடையது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆனால் கற்பூரத்தில் அடித்த சத்தியம். முறிக்க ஏதும் வழி இருக்குமா என்று கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் கேட்டார். என்ன சத்தியம் என்று குருக்கள் விசாரித்தார். தேர்தல் என்றால் சிரிப்பாரே என்று பத்மநாதன் கொஞ்சம் மூடிச் சொன்னார்.

"ஒரு பழைய பழக்கம் ஐயா. அமெரிக்காவில தொத்தினது. விடுறன் எண்டு மனுசிக்கு முன்னால சத்தியம் பண்ணிப்போட்டன். இப்ப கை சும்மா இருக்குதில்லை."

குருக்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்த நாட்டுக் குளிருக்குப் பலருக்கும் அது பழகிவிடுகிறதுதான் என்றார். ஒரேயடியாக விட முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம், முருகன் கைவிடமாட்டார் என்று திருநீறு பூசிவிட்டார். அர்ச்சனை வரிசையில் பின்னால் நின்ற அம்மா ஒருவர் இதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

பத்மநாதன் பஸ் பிடித்து வீட்டுக்கு வருமுன் விஷயம் வந்துவிட்டது, சத்தியம் வழியில் விழுந்து குடி மட்டுமாக. சிவனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. குடிக்கிறனீங்களோ?"

பத்மநாதன் வாழ்க்கையில் பியரைக்கூட முகர்ந்து பார்த்ததில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இல்லையென்றால் கோயிலில் கேட்டது எந்தப் பழக்கம் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் பிள்ளையாருக்கும் மைத்துனனுக்கும் ஒரே நேரத்தில் துரோகி ஆகிவிடுவார். குடிகாரன் என்றால் பரிதாபமாவது மிஞ்சும்.

"கொஞ்சம்," என்றார்.

அன்றிலிருந்து அவர் வீட்டைவிட்டுத் தனியே வெளிக்கிட ஏலாது. இதுதான் பெரிய இடைஞ்சலாகப் போயிற்று. வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் வந்திருந்தது. அதை அச்சடித்து, அடையாளமிட்டு, கையெழுத்து வைத்து, தபாலில் அனுப்ப வேண்டும். வீட்டுப் பிரிண்டர் இருந்த அறையில் சிவனேஸ்வரி தையல் மெசினோடு உட்கார்ந்திருந்தாள். கூடவே கட்சியிலிருந்தும் ஓயாமல் மின்னஞ்சல்கள் வந்தன. 'பத்மநாதன், நாங்கள் அழுதுகொண்டிருக்கிறோம்', 'பத்மநாதன், எங்களைக் கைவிட்டுவிட்டீர்களா?' காசு கேட்கத்தான் அப்படி எழுதுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்று விடாமல் வாசித்தார்.

ஒரு பின்னேரம் கொத்தமல்லி வாங்கி வருகிறேன் என்று கெஞ்சி அனுமதி பெற்று, ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டுக்கு ஓடினார். போன் கடை ஒன்றில் சீட்டை அச்சடித்தார். கடைக் கண்ணாடியில் சாய்ந்து நின்றே அடையாளமிட்டார். அந்த மழைக்காரரின் பெயருக்கு நேரே பேனையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு போட்டார். உறையை ஒட்டிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, தபால் பெட்டியைத் தேடித் திரும்பினால், எதிரே சற்குணம் நிற்கிறான். அக்கா அனுப்பிய காவல்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பத்மநாதனின் முகம் சிவந்து வியர்த்திருந்தது. கொத்தமல்லி இல்லை. சிவனேஸ்வரி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே ஒரு தேவாலய மண்டபத்தில் குடியை விடுகிறவர்கள் கூடும் கூட்டத்தைப் பற்றி விசாரித்து அறிந்துகொண்டாள்.

சற்குணம் காரில் கொண்டுபோய் இறக்கினான். தானும் உள்ளே வருவதாகச் சொன்னவனை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். மண்டபத்தில் வட்டமாகக் கதிரைகள். ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் கதையைச் சொன்னார்கள். பத்மநாதனின் முறை வந்தது. பேசாமல் இருக்கலாம் என்றும் சொன்னார்கள். ஆனால் எழும்பி நின்றதும் அவருக்கு என்னவோ வந்துவிட்டது. வருடக்கணக்கில் யாரிடமும் சொல்ல முடியாமல் கிடந்ததெல்லாம் ஆங்கிலத்தில் கொட்டியது.

இளவயதில் நல்ல நம்பிக்கையோடுதான் தொடங்கினேன் என்றார். உலகமே அழகாக மாறப்போகிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு தரமும் அடுத்த நாள் காலை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இனி இதன் பக்கமே போகமாட்டேன் என்பேன். பிறகு, இந்த முறை வித்தியாசமாக இருக்கும் என்று யாராவது வந்து சொல்வார்கள், நம்பிவிடுவேன். எனக்குப் பிடித்ததை அவர்கள் தருவதே இல்லை. இதுதான் இருக்கிறது, இதையும் விட்டால் மற்றது இன்னும் மோசம் என்கிறார்கள். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு... அதற்குமேல் பேச முடியாமல் அவர் குரல் உடைந்தது.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்று கூட்டத்தை நடத்தியவர் மெதுவாகக் கேட்டார்.

"பெரியது நாலு வருஷத்துக்கு ஒருமுறை," என்றார் பத்மநாதன். "இடையில் ரெண்டு வருஷத்திலும் கொஞ்சம் உண்டு."

மண்டபம் ஒருகணம் யோசித்தது. பிறகு, சிவந்த மூக்குள்ள ஒரு அயர்லாந்துக் கிழவர் எழும்பி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். நாற்பது வருடம் குடித்தும் இப்படி ஒரு வேதனையைத் தான் கண்டதில்லை என்றார். பத்மநாதனுக்கு மனம் இலேசாகிவிட்டது. கட்சியைப் பற்றி அவர் சொன்னதை இடையில் மறித்துப் பேசாமல் கேட்ட முதல் மனிதர்கள் அவர்கள்தான்.

அந்த உற்சாகத்தோடு வெளியே வந்தவர், வாசலிலேயே சிவப்புத் தபால் பெட்டி ஒன்று நிற்பதைக் கண்டார். கோட்டுப் பைக்குள் கையை விட்டார். சற்குணம் காரிலிருந்து பாய்ந்து வருமுன் உறை உள்ளே விழுந்துவிட்டது.

"அத்தான், உதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?"

"விட்டிட்டன் சற்குணம். எல்லாத்தையும் விட்டிட்டன்."

அவர் ஒளித்து வைத்திருந்த சின்னப் போத்தலைத் தபால் பெட்டிக்குள் எறிந்துவிட்டார் என்று சற்குணம் அக்காவுக்குப் போன் அடித்தான். சிவனேஸ்வரி பிள்ளையாருக்கு மோதகம் அவித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. தயாபரியும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். நண்டுக் கறி, முருங்கைக்காய், பொரித்த கத்தரிக்காய். சிவனேஸ்வரி பெரிய நண்டுக்காலை எடுத்துக் கணவரின் சோற்றுக் கோப்பையில் வைத்து, "நீங்கள் திருந்தினது எனக்கு மறுபிறப்பு மாதிரி," என்று சொல்லிக் கண் கலங்கினாள். சற்குணமும் அவருடைய தோளைத் தடவிக் கொடுத்தான்.

பத்மநாதனுக்கு அந்த நண்டுக்காலைக் கடிக்க மனம் வரவில்லை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பும் செய்த குற்றத்துக்கு விருந்தும் கிடைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. தயாபரி குசினிக்குள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குடியும் இல்லை, போத்தலும் இல்லை. கற்பூரத்தில் அடித்த சத்தியத்தை முறித்து வாக்கைப் போட்டுவிட்டேன்.

சிவனேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். சற்குணம் பாவம், அவன் என்ன செய்வான், ஏமாந்து போனானே என்று பத்மநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

சற்குணம் தொண்டையைச் செருமினான்.

"கவலைப்படாதைங்கோ அத்தான். உங்கட குணம் எனக்குத் தெரியும்தானே. நானும் போன கிழமையே போட்டிட்டன். சரிக்குச் சரி."

பத்மநாதனுக்கு உள்ளே ஏதோ இடிந்து விழுந்தது. குடிகாரன் என்று பெயர் எடுத்ததும், கோயிலில் கூனிக் குறுகியதும், அந்நியர் முன்னால் அழுததும் எல்லாம் இந்தப் பூச்சியத்துக்குத்தானா? அந்த ஒரு சில வாக்குகளில் ஒன்றாவது தன்னுடையதாக இருக்கும் என்று நம்பினாரே. கோப்பையைத் தள்ளி வைத்தார்.

தயாபரி அப்பளத் தட்டோடு வந்து, எல்லாருடைய முகத்தையும் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டாள். பத்மநாதன்தான் நொந்துபோய்ச் சொன்னார், அமெரிக்கத் தேர்தலில் தன் வாக்கைச் சற்குணத்தின் வாக்கு தின்றுவிட்டது என்று. சற்குணம் அவசரமாக ஒரு அப்பளத்தை எடுத்தான். சிவனேஸ்வரி தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழும்பினாள்.

தயாபரி சிரித்தாள்.

"இவருக்கு எங்கால அண்ணை வோட்டு? சிட்டிசன் சோதினையில பெயில் விட்டிட்டெல்லோ லண்டனுக்கு வந்தவர், மச்சாளிட்டைக் கேளுங்கோ, அண்டைக்கு அழுது அழுது முதல் போன் எடுத்ததே அவவுக்குத்தானே."