வில்லும் ஒரு துண்டுப் பஞ்சும்

அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடக்கூடாது. டிரில் டீச்சர் தன் வீட்டுக்காரருக்கு இந்தச் சட்டத்தைச் சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டியிருந்தாள். அவளுடையது சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில். அம்பு இல்லாமல் விட்டால் அத்தனை வேகமும் வில்லுக்குள்ளேயே இறங்கிவிடும். எங்காவது விரிசல் விடும். அடுத்த முறை இழுப்பவர் முகத்தில் சிதறினாலும் சிதறும்.

வீட்டுக்காரர் தையல்காரர். தங்கமான மனிதர்தான். ஆனால் பக்கத்து வீட்டு டிரைவர், "டீச்சரம்மா இழுக்கிற வில்லை நீங்க இழுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார். டீச்சர் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். ஆண்பிள்ளைக்கு ரோஷம் வர அது போதாதா?

அவள் மணிக்கட்டில் கொக்கி கட்டிக்கொண்டுதான் நாணை இழுப்பாள். இவர் வெறும் விரலால் இழுத்தார். முக்கால்வாசி வந்தது. விரல் வழுக்கியது. கூடமே அதிர்ந்தது. டிரைவருக்குத் திடீரென்று வண்டி கழுவும் வேலை ஞாபகம் வந்து, போயே போய்விட்டார்.

மறுநாள் அவளுக்குப் போட்டி. தையல்காரருக்குக் கைகால் ஓடவில்லை. வில்லை மேஜைமேல் கிடத்தி, மூக்குக் கண்ணாடியை மாட்டினார். நாணில் பிசிறில்லை, நூல் விஷயத்தில் அவர் கண் தப்பாது. சக்கரம் கோணவில்லை. மிச்சம், நாணை இழுத்தால் வளைகிற வில்லின் மேல்கையும் கீழ்க்கையும்தான். அதற்கும் அவள் ஒரு வழி சொல்லியிருக்கிறாள்: பஞ்சால் தடவிப் பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும்.

மருந்துப் பெட்டியில் பஞ்சுப் பொட்டலம் ஏற்கெனவே பிரித்துக் கிடந்தது. அவளுக்குக் காதுவலி போலிருக்கிறது, பாவம், சொல்லவே இல்லையே என்று அந்த அவசரத்திலும் வருத்தப்பட்டுக்கொண்டார். கீழ்க்கையில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. மேல்கையின் ஓரத்தில் ஒரு இழை நின்றுவிட்டது. அவர் நெஞ்சும் அங்கேயே நின்றுவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம். வில்லைப் பழையபடி சுவரில் மாட்டி, தையல் மிஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூலே இல்லாமல் மிதிக்க ஆரம்பித்தார்.

"என்னங்க, வேர்த்துக் கொட்டுது?"

"வேலை ஜாஸ்தி."

"சட்டையெல்லாம் பஞ்சா இருக்கே?"

"தலைகாணி தைச்சேன்."

"யாருக்கு?"

"ஒரு... தலைக்குத்தான்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுவரிலிருந்து வில்லை எடுத்தாள். "நாளைக்குப் போட்டி. கொஞ்சம் இழுத்துப் பழகிட்டு வரேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். வில் பழசு, தானாகவே போச்சு என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவள் வில்லைத் தூக்கிப் பிடித்தபோது அந்த மேல்கை அவள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் கண்ணை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

"இழுக்காதம்மா," என்று ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான். அம்பில்லாம விட்டுட்டேன். மேல விரிசல் இருக்கு."

அவள் வில்லைக் கீழே வைத்தாள். அவர் கையை எடுத்து ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தாள். முகத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"உங்களுக்கு எங்கயும் படலையே?"

"இல்ல. உனக்குக் கோபம் வரலையா?"

"அது அப்புறம். கண்ணைக் காட்டுங்க முதல்ல."

தையல்காரர் கண்ணைக் காட்டினார். இவளிடமா மறைக்கப் பார்த்தோம் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. அந்த உருக்கத்தில் அவள் கேட்காமலே வாக்குக் கொடுத்தார்: இந்த வருஷப் போட்டிகள் முடியும்வரை வில்லுப் பையைத் தூக்குவது அவர், விடிகாலை டீ அவர், பாத்திரமும் அவர்.

"தண்டனை ஜாஸ்திங்க," என்றாள் அவள்.

"கம்மிம்மா," என்றார் இவர். சொல்லிக்கொண்டே துணி துவைப்பதையும் சேர்த்துக்கொண்டார்.

உடனே வில் கடைக்குப் போனார்கள். பை இவர் தோளில். இவர் நடை கொஞ்சம் தியாகியின் நடையாகவே இருந்தது. கடைக்காரர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து புத்தம்புது மேல்கை ஒன்றை எடுத்து வைத்தார்.

"வாங்க டீச்சர். நேத்து போன்ல சொன்னீங்களே, அம்பு வைக்க மறந்து விட்டுட்டேன், மேல்கையில பஞ்சு மாட்டுதுன்னு. அப்பவே இதை எடுத்து வச்சிட்டேன். சாயங்காலத்துக்குள்ள மாட்டித் தரேன்."

தையல்காரர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். பிரித்துக் கிடந்த பஞ்சுப் பொட்டலம் ஞாபகம் வந்தது. வில்லைத் தூக்கியபோது அவள் மணிக்கட்டில் கொக்கியே இல்லை என்பதும் ஞாபகம் வந்தது.

"எப்படிச் சொல்றதுன்னு நேத்திலேர்ந்து தவிச்சிட்டிருந்தேங்க," என்று அவர் சட்டையில் ஒட்டியிருந்த கடைசிப் பஞ்சை எடுத்துவிட்டாள் அவள். "நல்லவேளை, நீங்க முந்திக்கிட்டீங்க. ஊறவச்ச துணி வீட்ல இருக்கு, வாங்க போலாம்."