மாசி மாதத்து ஓடை

ஜாசின் பட்டணத்துக் கடைகளின் பின்னால் ஓடிய ஓடையை ஆண்டுதோறும் முறைப்படி பரிசோதித்தவர் சுகாதார இன்ஸ்பெக்டர் கதிர்காமநாதன். மாசியில்தான் வருவார். அப்போது பாதை காய்ந்திருக்கும். வெள்ளைச் சப்பாத்தில் சேறு படாது. ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதும் அப்போதுதான். பால்வெட்டு நின்றுவிடும். மேலே இருக்கும் தோட்டத்து ஆலையின் புளித்த கழிவும் வராது. ஆகவே ஓடைநீர் 'மாந்தர் அருந்தச் சாலவும் உகந்தது' என்று வருஷா வருஷம் பதிவாயிற்று.

ஆலை ஓடும் மாதங்களில் அந்தத் தண்ணீர் நாறியது. மழைக்காலத்தில் கக்கூசுகளும் நிரம்பி அதில் வழிந்தன. ஓடைக்கரையில் துணி வெளுத்த பெரியநாயகியின் ஒரே மகள் கோமளா, வயிற்றுப்போக்கில் பாயோடு பாயாகக் கிடந்தாள். ஐப்பசி மழையில் ஒரு போத்தல் ஓடைத் தண்ணீரோடு ஆபீசுக்குப் போன பெரியநாயகி, தெருவுக்கு ஒரு பைப் கேட்டாள்.

கதிர்காமநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது ஓடைத் தண்ணியில்லை. மழைத் தண்ணி. மழை எங்கட இலாகா இல்லை."

"மழை இப்பிடி நாறுமாங்கையா?"

"அதை மழையிட்டைத்தான் கேக்கவேணும். ஓடை கெட்டதெண்டு மாசியில ருசுவானால் பைப் தரலாம்."

ஊர் கூடி யோசித்தது. மாசி பிறந்ததும் பசார் மீன்கழிவையும் மாட்டுச் சாணத்தையும் கொண்டுபோய் ஓடையில் கொட்டினார்கள். சாதி பேதமின்றி அந்த ஊரில் நடந்த முதல் பொதுத்தொண்டு அது. இன்ஸ்பெக்டரின் போத்தலுக்குள்ளிருந்து ஒரு மீன்கண் அவரையே பார்த்தது. ஓடை கெட்டது என்று எழுதினார். பைப்புக்கு அனுமதி வந்தது.

எந்தத் தண்ணீரைக் கொண்டுவருவது? கதிர்காமநாதன் பழைய பதிவுகளை ஆராய்ந்தார். சுற்றுவட்டாரத்தில் இடைவிடாமல் நற்சான்று பெற்ற நீர் ஒன்றுதான் இருந்தது. அது அந்த ஓடை. ஓராண்டுப் பிழைக்காகப் பழைய சான்றுகளை ரத்துசெய்ய விதியில்லை. ஆலைக்குச் சற்றுக் கீழே பம்பு வைத்தார்கள்.

ஐப்பசியில் பைப்புக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்துத் திறந்தார்கள். தண்ணீர் மஞ்சளாக வந்தது. சந்தனம் கரைந்திருக்கும் என்றார்கள். கார்த்திகைக்குள் பைப் தெருவார், இன்னும் ஓடையில் மொள்ளுகிற வீடுகளில் பெண் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த கோமளா, அம்மாவோடு வரிசையில் வந்து நின்றாள். நிரம்பிய செம்பை மோந்து பார்த்தாள்.

"அம்மா, ஓடை நாத்தம் அடிக்குது."

வரிசை திரும்பிப் பார்த்தது. பெரியநாயகியும் மோந்து பார்த்தாள். அவளுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். பின்னால் நிற்பவர்களின் முகங்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"பைப் தண்ணிடி. மெதுவாப் பேசு," என்று செம்பை மகள் வாயில் வைத்தாள்.